துறைமுகத்தில் கப்பல்கள் கூடும்போது எதைப் பார்ப்பது?

சில வருடங்களுக்கு ஒருமுறை ஏதாவது ஒரு துறைமுக நகரத்தில் இது நடக்கும். பல நாட்டுக் கடற்படைகளின் சாம்பல் நிறக் கப்பல்கள் ஒரு பக்கம் வரிசை கட்டி நிற்கும். இன்னொரு பக்கம் மூன்று, நான்கு பாய்மரங்கள் வைத்த பெரிய பாய்க்கப்பல்கள் வந்து சேரும். கரையெல்லாம் கூட்டம். வந்தவர்களில் பாதிப் பேர் "அம்மாடி, எவ்வளவு பெரிசு!" என்று கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, நாலு போட்டோ எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். அதில் தப்பொன்றும் இல்லை. ஆனால் அங்கே பறக்கிற கொடி, மாலுமிகள் நிற்கிற இடம், வெடிக்கிற பீரங்கியின் எண்ணிக்கை எதுவுமே சும்மா வைத்ததில்லை. கொஞ்சம் தெரிந்துகொண்டு போனால் அந்த இரண்டு மணி நேரம் போதாமல் போய்விடும். இந்தக் கட்டுரை முதல்முறை போகிறவர்களுக்காக.

ஏன் கூடுகின்றன?

இரண்டு தனித்தனி வழக்கங்கள் ஒன்றாகச் சேர்ந்ததுதான் இன்று நாம் பார்க்கும் திருவிழா.

ஒன்று, கடற்படை அணிவகுப்பு. நாட்டின் தலைவர் தன் கப்பல்களை நேரில் பார்வையிடுவது. அந்தக் காலத்தில் போருக்குப் புறப்படும் முன் அரசன் பார்த்துவிட்டு அனுப்புவான். பிறகு அது விழாவாக மாறியது. 1897இல் விக்டோரியா மகாராணியின் வைர விழாவுக்காக இங்கிலாந்தின் ஸ்பிட்ஹெட் கடலில் நடந்த அணிவகுப்பில் ஒரு வேடிக்கை. சார்லஸ் பார்சன்ஸ் என்ற பொறியாளர் தான் கண்டுபிடித்த நீராவி டர்பைனைப் பொருத்திய 'டர்பினியா' என்ற சிறு கப்பலை, அழைப்பே இல்லாமல் போர்க்கப்பல் வரிசைகளுக்கு நடுவே ஓட்டிக் காட்டினார். அதன் வேகம் 34 நாட், அதாவது மணிக்கு 60 கிலோமீட்டருக்கும் மேல். துரத்திய காவல் படகுகளால் பிடிக்க முடியவில்லை. பத்தே வருடத்தில் பிரிட்டனின் புதிய பெரும் போர்க்கப்பலான 'டிரெட்னாட்' டர்பைனில் ஓடியது. விளம்பரம் என்றால் இப்படி இருக்க வேண்டும்.

அதே ஸ்பிட்ஹெட்டில் 2005 ஜூனில், டிரஃபால்கர் போரின் 200ஆம் ஆண்டுக்காக 150க்கும் மேற்பட்ட கப்பல்கள் கூடின. 2013 அக்டோபரில் சிட்னியில் நடந்தது, ஆஸ்திரேலியாவின் சொந்தக் கடற்படை முதன்முதலாக 1913 அக்டோபர் 4 அன்று அந்தத் துறைமுகத்துக்குள் நுழைந்ததன் நூற்றாண்டு. முதல் நாள் பாய்க்கப்பல்கள் வந்தன. மறுநாள், நூறு வருடத்துக்கு முந்தைய அதே தேதியில், போர்க்கப்பல்கள் நுழைந்தன. 2016 பிப்ரவரியில் விசாகப்பட்டினத்தில் நடந்த சர்வதேச அணிவகுப்பில் ஏறத்தாழ 50 நாடுகளின் கடற்படைகள் கலந்துகொண்டன. நங்கூரமிட்டு நின்ற வரிசைகளுக்கு இடையே ஐ.என்.எஸ். சுமித்ரா என்ற கப்பலில் குடியரசுத் தலைவர் பிரணாப் முகர்ஜி வலம் வந்தார். பெரும்பாலான அணிவகுப்புகளின் வடிவம் இதுதான்: கப்பல்கள் நிற்கும், பார்வையிடுபவர் போவார்.

இன்னொன்று, பாய்க்கப்பல்களின் கூடுகை. இதன் வேர் சோகமானது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பெரிய பாய்க்கப்பல்களின் காலம் முடிந்துவிட்டது என்று எல்லோருமே நினைத்தார்கள். லண்டனைச் சேர்ந்த ஓய்வுபெற்ற வழக்கறிஞர் பெர்னார்டு மோர்கன், மிச்சமிருப்பவற்றை ஒருமுறையாவது ஒன்றாக ஓட விட்டுப் பார்க்கலாமே என்றார். 1956இல் இங்கிலாந்தின் டார்பேயிலிருந்து லிஸ்பனுக்குப் பந்தயம் நடந்தது. வழியனுப்பு விழா என்று நினைத்துத்தான் நடத்தினார்கள். வந்த கூட்டத்தைப் பார்த்த பிறகு யாருக்கும் நிறுத்த மனம் வரவில்லை, இன்றும் நடக்கிறது. ஆம்ஸ்டர்டாம் நகரம் தன் 700ஆம் ஆண்டைக் கொண்டாட 1975இல் பாய்க்கப்பல்களை அழைத்தது. அதுவும் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை என்று நிலைத்துவிட்டது. நடுவில் 2020இல் மட்டும் கொரோனா தடுத்தது.

இரண்டு வழக்கங்களும் பெரிய அளவில் கைகோத்த நாள் என்று 1976 ஜூலை 4ஐச் சொல்லலாம். அமெரிக்க சுதந்திரத்தின் 200ஆம் ஆண்டு. நியூயார்க் துறைமுகத்தில் பல நாட்டுப் போர்க்கப்பல்கள் நங்கூரமிட்டு நிற்க, உலகின் பெரிய பாய்க்கப்பல்கள் வரிசையாக ஹட்சன் ஆற்றில் ஏறிப் போயின. அந்த வரிசையில் ஒரு குடும்பக் கதை இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

கடைசி மரத்தை முதலில் பாருங்கள்

பாய்க்கப்பல் என்றால் எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும் என்று முதலில் தோன்றும். வித்தியாசம் பாய்களின் வடிவத்திலும், அவை எந்த மரத்தில் எப்படித் தொங்குகின்றன என்பதிலும் இருக்கிறது.

பாய்கள் இரண்டே வகை. மரத்துக்குக் குறுக்கே, சிலுவைபோலக் கிடக்கும் பருமல்களிலிருந்து தொங்கும் சதுரப் பாய்கள் ஒன்று. கப்பலின் நீளவாக்கில், கதவுபோல ஒரு பக்கம் மரத்தோடு இணைந்து திரும்பும் பாய்கள் இன்னொன்று. பாய்கள் சுருட்டியிருந்தாலும் பரவாயில்லை, பருமல்கள் இருக்கின்றனவா என்று பார்த்தால் போதும்.

இப்போது மரங்களை எண்ணுங்கள். பிறகு கடைசி மரத்தைப் பாருங்கள். மூன்று மரங்களிலும் பருமல்கள் இருந்தால் அது முழுச் சதுரப் பாய்க் கப்பல். மாலுமிகள் கறாராக 'ஷிப்' என்று சொல்வது இதை மட்டும்தான். இத்தாலியக் கடற்படையின் 'அமெரிகோ வெஸ்பூச்சி' இந்த வகை. 1931இல் கடலில் இறக்கியது. கறுப்பு உடலில் வெள்ளைப் பட்டைகள் ஓடும். பழங்காலப் போர்க்கப்பல்களில் பீரங்கி அடுக்குகள் இருந்த இடத்தை நினைவுபடுத்தத்தான் அந்தப் பட்டைகள்.

முன்னால் உள்ள மரங்களில் பருமல்கள் இருந்து, கடைசி மரம் மட்டும் மொட்டையாக, நீளவாக்குப் பாயோடு இருந்தால் அது 'பார்க்' வகை. இன்றைய பயிற்சிக் கப்பல்களில் நிறைய இதுதான். இந்தியக் கடற்படையின் தரங்கிணியும் சுதர்ஷினியும் மூன்று மர 'பார்க்' கப்பல்கள். தரங்கிணி 2003-04இல் உலகத்தைச் சுற்றி வந்தது.

முதல் மரத்தில் மட்டும் பருமல்கள் இருந்து, மீதி இரண்டும் மொட்டை என்றால் பார்கன்டைன். இரண்டே மரம், இரண்டிலும் சதுரப் பாய் என்றால் பிரிக். இரண்டு மரத்தில் முதலாவதில் மட்டும் என்றால் பிரிகன்டைன். எல்லாமே நீளவாக்குப் பாய்கள், முன்மரம் பின்மரத்தைவிடக் குட்டை அல்லது அதே உயரம் என்றால் ஸ்கூனர். இவ்வளவுதான். இதில் சரியாக அடங்காத கப்பல்களும் உண்டு. ஸ்பெயினின் 'ஹுவான் செபாஸ்டியன் டி எல்கானோ' நான்கு மரக் கப்பல்; முன்மரத்தில் மட்டும் சில சதுரப் பாய்கள். அதை ஸ்கூனர் என்பவர்களும் உண்டு, பார்கன்டைன் என்பவர்களும் உண்டு. கரையில் யாராவது இதுபற்றி வாக்குவாதம் செய்துகொண்டிருந்தால் பக்கத்தில் போய் நின்று கேளுங்கள், நிறையக் கற்றுக்கொள்ளலாம்.

சரி, அந்தக் குடும்பக் கதை. ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரத்தில் உள்ள புளோம் ஊண்ட் ஃபோஸ் கப்பல் கட்டும் தளம் 1930களில் ஏறத்தாழ ஒரே அச்சில் சில பயிற்சிக் கப்பல்களைக் கட்டியது. மூத்தது 1933இன் 'கோர்ச் ஃபோக்'. போரின் முடிவில் ஜெர்மானியர்களே அதை மூழ்கடித்தார்கள். சோவியத் யூனியன் தூக்கியெடுத்து 'தோவாரிஷ்' என்று பெயரிட்டது. 1936இல் கட்டியது போருக்குப் பின் அமெரிக்காவுக்குப் போய், கடலோரக் காவல் படையின் 'ஈகிள்' ஆனது. 1937இல் கட்டியது பிரேசிலுக்குக் கைமாறி, பிறகு போர்ச்சுகலின் 'சாக்ரெஸ்' ஆனது; பாய்களில் பெரிய சிவப்புச் சிலுவை இருந்தால் அதுதான். நான்காவது, ருமேனியாவுக்காகவே கட்டிய 'மிர்ச்சா'. அப்புறம் மேற்கு ஜெர்மனி அதே தளத்தில் 1958இல் தனக்கென்று ஒரு புதிய 'கோர்ச் ஃபோக்' கட்டிக்கொண்டது. பனிப்போர் நடந்துகொண்டிருந்த 1976இல் இந்த ஐந்தும், ஐந்து நாட்டுக் கொடிகளோடு, நியூயார்க்கில் ஒரே வரிசையில் போயின. பாய்க்கப்பல் கூடுகைகளில் எனக்கு மிகவும் பிடித்த தகவல் இது. இவற்றில் இரண்டு ஒரே துறைமுகத்தில் நின்றால் ஒற்றுமையை நீங்களே பார்த்துவிடலாம்.

இந்தக் காலத்தில் கடற்படைகளுக்குப் பாய்க்கப்பல் எதற்கு என்ற கேள்வி வரும். பயிற்சிக்குத்தான். 'ஈகிள்' கப்பலின் மரங்கள் ஏறத்தாழ 45 மீட்டர் உயரம். 20க்கும் மேற்பட்ட பாய்கள். அவற்றை இயக்கும் கயிறுகளுக்குத் தனித்தனிப் பெயர். புதிதாக வருகிற பயிற்சி மாலுமி இருட்டிலும் எந்தக் கயிறு எங்கே கட்டியிருக்கிறது என்று தடவிச் சொல்ல வேண்டும். ஒரு பாயைத் திருப்ப ஒருவரால் முடியாது, ஒரு குழுவே சேர்ந்து இழுக்க வேண்டும். காற்று எந்தப் பக்கம் மாறுகிறது என்பதை உடம்பு தானாக உணரத் தொடங்கும். ரேடார் திரை முன்னால் உட்கார்ந்து இதைக் கற்க முடியாது.

மேலே ஏறுபவர்களைக் கவனியுங்கள். காற்று வீசும் பக்கத்து ஏணிக்கயிற்றில்தான் ஏறுவார்கள். அப்போதுதான் காற்று அவர்களைக் கயிற்றோடு சேர்த்து அழுத்தும். மறுபக்கம் ஏறினால் பிய்த்து எடுத்துவிடும். மேலே போனதும் பருமலுக்குக் கீழே தொங்கும் ஒரு கயிற்றில் கால் வைத்து, வயிற்றைப் பருமலில் சாய்த்துக்கொண்டு பக்கவாட்டில் நகர்வார்கள். ஒருவர் கால் வைத்தால் அந்தக் கயிறு முழுக்க ஆடும். அதனால் புதிதாகக் கால் வைக்கிறவர் பக்கத்தில் நிற்பவரை எச்சரித்துவிட்டுத்தான் வைப்பார். பைனாகுலர் இருந்தால் அந்தக் கால்களைப் பாருங்கள். பாய்களைவிட அதுதான் சுவாரசியம்.

காற்று எந்தப் பக்கம்?

"பாய்க்கப்பல் பார்க்க வந்தால் பாயே விரிக்கவில்லையே" என்ற ஏமாற்றம் மிகவும் சகஜம். இதற்குக் காரணம் உண்டு. சதுரப் பாய் பின்னாலிருந்து வரும் காற்றுக்கு அருமையானது, எதிர்க்காற்றில் பரிதாபம். நவீனப் பாய்ப்படகு ஒன்று காற்று வரும் திசைக்கு ஏறத்தாழ 45 டிகிரி வரை நெருங்கிப் போகும். சதுரப் பாய்க் கப்பலுக்கு 60, 70 டிகிரி விலகல் வேண்டும். துறைமுகத்தின் குறுகலான வாய்க்குள் அப்படி வளைந்து வளைந்து போக இடம் ஏது? அதனால் இன்றைய பெரிய பாய்க்கப்பல்கள் ஏறத்தாழ எல்லாவற்றிலும் எஞ்சின் இருக்கிறது. துறைமுகத்துக்குள் பெரும்பாலும் எஞ்சினில்தான் வரும்.

எனவே அன்றைய காற்று கடலிலிருந்து துறைமுகத்துக்குள் வீசினால், உள்ளே நுழையும் கப்பல்கள் பாய் விரிக்க வாய்ப்பு அதிகம். நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசினால் விடைபெறும் நாள் நன்றாக இருக்கும். எந்த நாள் போவது என்று முடிவு செய்யும் முன் வானிலை அறிக்கையில் காற்றின் திசையைப் பாருங்கள். நிகழ்ச்சி நிரலைவிட இது உபயோகமானது.

இன்னொரு சின்னக் கணக்கு. கரையில் நிற்பவரின் கண் மட்டம் கடலிலிருந்து 2 மீட்டர் உயரம் என்றால், அவருக்குத் தொடுவானம் ஏறத்தாழ 5 கிலோமீட்டர் தூரம். 45 மீட்டர் உயர மரத்தின் உச்சிக்கோ அது 24 கிலோமீட்டர். இரண்டையும் கூட்டினால், தெளிவான நாளில், நல்ல பைனாகுலரில், ஏறத்தாழ 29 கிலோமீட்டர் தூரத்திலேயே மரத்தின் நுனி தெரியத் தொடங்கலாம். முதலில் நுனி, பிறகு பருமல்கள், கடைசியில்தான் உடல். உயரமான இடத்தில் நின்றால் இன்னும் முன்னதாகவே தெரியும். முன்பு மாலுமியை மர உச்சியில் ஏற்றிவிட்டதும் இதற்காகத்தான், இன்றைய போர்க்கப்பல் தன் ரேடாரை முடிந்தவரை உயரத்தில் வைப்பதும் இதற்காகத்தான்.

சாம்பல் நிறக் கப்பல்கள்

போர்க்கப்பல்களை அடையாளம் காண்பது ஒரு விதத்தில் சுலபம், பக்கவாட்டிலேயே எழுதியிருக்கும். பிரிட்டனும் ஐரோப்பாவின் பல நாடுகளும் இந்தியாவும் எழுத்தும் எண்ணும் சேர்த்து எழுதுகின்றன. 'டி' என்றால் டெஸ்ட்ராயர், 'எஃப்' என்றால் ஃபிரிகேட், 'ஆர்' விமானம் தாங்கி, 'எல்' படைகளைக் கரையிறக்கும் கப்பல், 'பி' ரோந்துக் கப்பல், 'ஏ' எண்ணெய், சரக்கு கொண்டுவரும் துணைக்கப்பல். ஐ.என்.எஸ். விக்ராந்தின் எண் 'ஆர் 11'. அமெரிக்கக் கப்பல்களின் முகப்பில் வெறும் எண் மட்டும் இருக்கும்.

பெயரை அப்படியே நம்பிவிட முடியாது. பொதுவாக ஃபிரிகேட்டைவிட டெஸ்ட்ராயர் பெரியது என்பார்கள். ஆனால் ஜெர்மனி 7,000 டன்னுக்கு மேல் எடையுள்ளதை ஃபிரிகேட் என்கிறது. ஜப்பானின் 'இசுமோ' 248 மீட்டர் நீளம். மேல்தளம் முழுக்க ஓடுபாதைபோலத் தட்டை. பார்த்தால் யாரும் விமானம் தாங்கி என்றுதான் சொல்வார்கள். ஜப்பான் அதை டெஸ்ட்ராயர் வரிசையில் வைத்தது. வகைப்பெயரில் பாதி அரசியல்.

பதிலாக மேல்தளத்தைப் படியுங்கள். பின்னால் தட்டையான தளமும் பெரிய ஷட்டர் கதவும் இருந்தால் ஹெலிகாப்டர் வைத்திருக்கிறார்கள். நீர்மூழ்கிகளைத் தேடுவது அதன் முக்கிய வேலைகளில் ஒன்றாக இருக்கும். முன்பக்கப் பீரங்கிக்குப் பின்னால் தரையோடு தரையாகச் சதுர மூடிகள் கட்டம் கட்டமாகத் தெரிந்தால், ஒவ்வொரு மூடிக்கும் கீழே ஏவுகணை நிற்கும் குழாய். மேல்கட்டுமானத்தின் நான்கு மூலைகளிலும் எண்கோணப் பலகைகள் பதித்திருந்தால் அது சுழலாத ரேடார். ஒவ்வொன்றும் கால் வட்டத்தைப் பார்த்துக்கொள்ளும். புதிய கப்பல்களின் சுவர்கள் சாய்ந்து, வழவழவென்று, ஜன்னல்கூட இல்லாமல் இருப்பது எதிரி ரேடாரின் அலை நேராகத் திரும்பிப் போகாமல் இருக்க. பழைய கப்பல் என்றால் ஏணி, படகு, குழாய் எல்லாம் வெளியே தெரியும். பார்க்க எனக்குப் பழசுதான் அழகு.

நங்கூரமிட்ட கப்பல்களின் முகப்புகள் எந்தப் பக்கம் பார்க்கின்றன என்றும் கவனியுங்கள். நீரோட்டத்தையோ காற்றையோ எதிர்கொண்டு திரும்பி நிற்கும். உயரமான மரங்களும் கயிறுகளும் உள்ள பாய்க்கப்பல் காற்றுக்குச் சீக்கிரம் திரும்பும்; ஆழமாக அமிழ்ந்த கப்பல் நீரோட்டத்தைக் கேட்கும். அதனால் சில நேரம் பக்கத்துப் பக்கத்துக் கப்பல்கள் ஆளுக்கொரு திசையில் நிற்கும். ஓதம் மாறப் போகிறது என்பதற்கு அது நல்ல அடையாளம்.

வெறும் கை மரியாதை

இந்த நாளில் நடக்கும் மரியாதைகளில் முக்கியமான பலவற்றின் வேர் ஒன்றே: "என் கையில் ஆயுதம் இல்லை, பார்த்துக்கொள்" என்று காட்டுவது. இதை நினைவில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

பீரங்கி மரியாதையை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய பீரங்கியில் ஒருமுறை சுட்டால் மறுபடி மருந்தும் குண்டும் திணித்துத் தயாராக நேரம் ஆகும். வேற்று நாட்டுத் துறைமுகத்துக்கு வரும் கப்பல் எல்லாப் பீரங்கிகளையும் சுட்டுக் காலி செய்துவிட்டால், இனி அதனால் உடனே தாக்க முடியாது. கோட்டையும் பதிலுக்குச் சுட்டுக் காலி செய்யும். இன்று வெற்று வெடிதான், குண்டு கிடையாது. முழு தேசிய மரியாதை 21 முழக்கம். அதைச் சுடும்போது வந்த கப்பல் தன் மரத்தில் விருந்து தரும் நாட்டின் கொடியை ஏற்றும். கரையிலிருந்து அதே எண்ணிக்கையில் பதில் வரும். பதவி குறையக் குறைய எண்ணிக்கையும் குறையும். பல கடற்படைகளில் அட்மிரலுக்கு 17, வைஸ் அட்மிரலுக்கு 15, ரியர் அட்மிரலுக்கு 13. எல்லாம் ஒற்றைப்படை, இரட்டைப்படை சாவுக்கு என்பது மாலுமிகளின் பழைய நம்பிக்கை. சத்தத்தை எண்ணினால் வந்திருப்பவர் யார் என்று பார்க்காமலே ஓரளவு சொல்லிவிடலாம்.

பருமல்களில் ஆட்கள் வரிசையாக நிற்பதும் இதே கதைதான். எல்லா மாலுமிகளும் மேலே கண்ணுக்குத் தெரிகிறார்கள் என்றால் கீழே பீரங்கியோடு யாரும் இல்லை. கொலம்பியாவின் 'குளோரியா'வில் மாலுமிகள் தங்கள் நாட்டுக் கொடியின் மஞ்சள், நீலம், சிவப்பு உடைகளில் மரம் முழுக்க நிற்பார்கள். மரமில்லாத இன்றைய போர்க்கப்பலில் அதுவே விளிம்பு நெடுகச் சம இடைவெளியில் நிற்பதாக மாறிவிட்டது. பார்வையிடும் தலைவரின் கப்பல் கடக்கும்போது தொப்பியைக் கழற்றி உயர்த்தி மூன்று முறை ஜே போடுவார்கள். கரைக்கும் கேட்கும்.

வணிகக் கப்பல் போர்க்கப்பலைக் கடக்கும்போது தன் பின்பக்கக் கொடியைப் பாதி இறக்கும். போர்க்கப்பல் பதிலுக்கு இறக்கி ஏற்றும். அதன் பிறகு வணிகக் கப்பலும் தன் கொடியை மேலே ஏற்றிக்கொள்ளும். சில விநாடிகளில் முடிந்துவிடும். நிறையப் பேர் தவறவிடுவது இதைத்தான்.

கொடிகள்

முகப்பிலிருந்து மர உச்சி வழியாகப் பின்முனை வரை தோரணம்போல வண்ணக் கொடிகள் தொங்கினால், அவை சர்வதேசச் சைகைக் கொடிகள். 26 எழுத்துகள், 10 எண்கள், இன்னும் நான்கு உதவிக் கொடிகள், ஆக 40 கொண்ட தொகுதி. அலங்காரத்துக்குக் கட்டும்போது எந்தச் சொல்லும் உருவாகாதபடியும் நிறங்கள் கலந்து வரும்படியும் வரிசையைக் கலைத்துக் கட்டுவார்கள். எனவே அந்தத் தோரணத்தைப் படிக்க முயல வேண்டாம். கப்பல் நிற்கும்போது மட்டுமே இந்த முழுத் தோரணம்.

தனியாகப் பறக்கும் கொடிதான் பேசும். பாதி வெள்ளை, பாதி சிவப்பு என்றால் உள்ளூர் நீர்வழி தெரிந்த பைலட் கப்பலில் இருக்கிறார். முழுச் சிவப்பு என்றால் வெடிபொருள் அல்லது ஆபத்தான சரக்கு. நீலத்தின் நடுவே வெள்ளைச் சதுரம் என்றால் கிளம்பப் போகிறோம், எல்லோரும் ஏறிக்கொள்ளுங்கள். விடைபெறும் நாளில் 'யூ', 'டபிள்யூ' கொடிகள் சேர்ந்து ஏறுவதைப் பார்க்கலாம். 'யூ' சிவப்பு, வெள்ளை நான்கு கட்டம். 'டபிள்யூ' நீலத்துக்குள் வெள்ளை, வெள்ளைக்குள் சிவப்பு. இரண்டும் சேர்ந்தால் "இனிய பயணம் அமையட்டும்". அதற்குக் கீழே 1 என்ற எண் கொடியையும் சேர்த்து ஏற்றினால், அது "நன்றி" என்ற பதில்.

காலை 8 மணிக்குக் கொடி ஏற்றுவதும் சூரியன் மறையும்போது இறக்குவதும் பெரும்பாலான கடற்படைகளுக்குப் பொது. எல்லாக் கப்பல்களும் ஒரே நொடியில் செய்யும். கூட்டம் வருவதற்கு முன் 8 மணிக்குப் போய் நிற்பது நல்ல யோசனை.

ஆபத்து இல்லாமல் இல்லை

2025 மே 17 அன்று மெக்சிகோ கடற்படையின் 'குவாவ்தேமோக்' நியூயார்க்கிலிருந்து புறப்பட்டபோது பின்னோக்கி நகர்ந்து புரூக்ளின் பாலத்தில் மோதியது. பாலத்துக்கும் தண்ணீருக்கும் இடையே உயரம் ஏறத்தாழ 41 மீட்டர். கப்பலின் மரங்கள் அதைவிடச் சில மீட்டர் உயரம். மூன்று மரங்களின் மேற்பகுதியும் முறிந்தன. விடைபெறும் மரியாதைக்காக மாலுமிகள் பருமல்களில் நின்றிருந்த நேரம் அது. கப்பலில் இருந்த 277 பேரில் இரண்டு பேர் இறந்தார்கள். பெரிய கப்பல் நகரும்போது பக்கத்தில் இழுவைப் படகுகள் ஏன் ஒட்டியே வருகின்றன, பைலட் ஏன் ஏறுகிறார், பாலத்துக்கு அந்தப் பக்கம் சில கப்பல்கள் ஏன் வருவதே இல்லை என்பதற்கெல்லாம் இந்தச் சில மீட்டர் கணக்கு போதும்.

போகும் முன்

7x50 என்று போட்ட பைனாகுலர் நல்லது; ஏழு மடங்குக்கு மேல் பெரிதாக்கினால் கை நடுக்கம் படத்தைக் கெடுத்துவிடும். சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கும் கரையைத் தேர்ந்தெடுங்கள். கப்பல்கள் எங்கே வருகின்றன என்று காட்டும் செயலிகள், கப்பலே தன் இடத்தைச் சொல்லி அனுப்பும் ஏ.ஐ.எஸ். ரேடியோ சைகையை நம்பியவை. சர்வதேசப் பயணம் போகும் பெரிய வணிகக் கப்பல்களுக்கு அது கட்டாயம், போர்க்கப்பல்களுக்கு விதிவிலக்கு உண்டு. எனவே திரையில் காணோம் என்பதால் வரவில்லை என்று அர்த்தமில்லை.

அணிவகுப்பு நாளைவிட எனக்கு அதற்கு முந்தைய நாட்கள் பிடிக்கும். கப்பல்கள் ஒவ்வொன்றாக வரும். கயிறு வீசுவது, இழுவைப் படகு தள்ளுவது, கட்டிய கயிற்றில் எலி ஏறாமல் இருக்க வட்டத் தகடு மாட்டுவது எல்லாம் பக்கத்தில் நின்று பார்க்கலாம். கூட்டமும் குறைவு.

பொதுமக்களை உள்ளே விடும் நாளில் ஏறுவதாக இருந்தால் குதிகால் செருப்பு வேண்டாம், பெரிய பை வேண்டாம், அடையாள அட்டை வேண்டும். உள்ளே படிகள் கிட்டத்தட்டச் செங்குத்து. இறங்கும்போது ஏணியைப் பார்த்தபடி, ஏறிய மாதிரியே பின்புறமாக இறங்குங்கள். போட்டோ எடுக்கும் முன் எங்கே எடுக்கலாம் என்று கேட்டுவிடுங்கள். உள்ளே நிற்கும் இளம் மாலுமிகளிடம் கேள்வி கேட்கத் தயங்க வேண்டாம். "இந்தக் கயிறு எதை இழுக்கும்?" என்று பாய்க்கப்பலில் கேட்டால், பெரும்பாலும் மேலே கை காட்டி, அது எந்தப் பாயின் எந்த மூலைக்குப் போகிறது என்று கடைசி வரை காட்டித்தான் விடுவார்கள்.